லினக்ஸ் கெர்னல் ரெப்போவுக்கு உள்ளூர் மிரர்: அமைப்பதும், நின்றுபோகாமல் ஓட்டுவதும்

ஒரு திறந்த மூல ப்ராஜெக்ட்டின் கிட் ரெப்போவை (நிரலும் அதன் மாற்ற வரலாறும் சேர்ந்த களஞ்சியம்) நம் சொந்த சர்வரில் மிரராக, அதாவது மூலத்தைப் பின்தொடரும் பிரதியாக, எடுக்க ஒரே ஒரு கட்டளை போதும். அதைப் புதுப்பிக்க இன்னொன்று. பெரும்பாலான குறிப்புகள் இந்த இரண்டைச் சொல்லிவிட்டு நின்றுவிடும். ஆனால் மிரரை வைத்துப் பராமரிப்பவர்களுக்குத் தலைவலி அதற்கு அப்புறம்தான் ஆரம்பம். புதுப்பிப்பு சத்தமே இல்லாமல் நின்றுபோயிருக்கும், வாரக்கணக்கில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அல்லது மூல சர்வரில் நடந்த சேதம் அப்படியே நம் பிரதிக்கும் வந்து சேர்ந்திருக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் அமைப்பதைச் சீக்கிரம் முடித்துவிட்டு, இந்த இரண்டு ஆபத்துகளுக்கும்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

உதாரணத்துக்கு லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை எடுத்துக்கொள்வோம். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் கிட்டை எழுதியதே இந்த ரெப்போவுக்காகத்தான். மூலம் கெர்னல்.ஆர்க் தளத்தில், டோர்வால்ட்ஸ் பெயரிலுள்ள லினக்ஸ்.கிட். பெரிய ரெப்போ, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கமிட்கள் (பதிவுசெய்த மாற்றங்கள்) கொண்டது. இதற்குச் சரியாக வேலை செய்யும் அமைப்பு வேறு எந்த ப்ராஜெக்டுக்கும் சரியாக வரும்.

உள்ளூர் மிரர் எதற்கு? ஒரே அலுவலகத்தில் பத்துப் பேர் ஆளுக்கொரு முறை பல ஜிபி இறக்க வேண்டியதில்லை என்பது முதல் காரணம். இணைய இணைப்பு போனாலும் பில்ட் நிற்காது. இன்னொன்று, மூல சர்வர் என்றைக்கும் அங்கேயே இருக்கும் என்று நம்ப முடியாது. 2011 ஆகஸ்டில் கெர்னல்.ஆர்க் சர்வர்களுக்குள் யாரோ ஊடுருவியது தெரிய வந்து, தளத்தையே இறக்கி வைத்தார்கள். அது திரும்ப வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த இடைவெளியில் டோர்வால்ட்ஸ் தன் ரெப்போவைத் தற்காலிகமாக கிட்ஹப்பில் வைத்தார். 2020 அக்டோபரில் பதிப்புரிமைப் புகார் ஒன்றால், வீடியோ இறக்கும் கருவியான யூடியூப்-டிஎல்லின் ரெப்போ கிட்ஹப்பிலிருந்து நீக்கப்பட்டு, நவம்பரில்தான் திரும்பியது. ப்ராஜெக்ட்களின் நிரலை வைத்திருந்த தளங்களில் கிட்டோரியஸ் 2015-லும், கூகுள் கோட் 2016-லும் மூடப்பட்டுவிட்டன.

ஒரு குறிப்பு: கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில், ஒலிக்கும்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடியுங்கள். எங்கே பெரிய எழுத்து வேண்டும் என்பதை அங்கங்கே சொல்கிறேன்.

முதல் பிரதி

முதலில் மிரருக்கென்று தனி யூசர் ஒன்றை உருவாக்குங்கள். ரூட்டாக ஓட்ட வேண்டாம். அந்த யூசருக்குச் சொந்தமாக ஒரு டைரக்டரி, உதாரணமாக /எஸ்ஆர்வி/மிரர். வட்டில் ரெப்போவின் அளவைப்போல் மூன்று மடங்காவது காலியாக இருக்கட்டும். கிட் பழைய பேக் ஃபைல்களைச் சேர்த்துப் புதிதாக எழுதும்போது, கொஞ்ச நேரம் பழையதும் புதியதும் சேர்ந்தே இடம் பிடிக்கும்.

பிறகு அந்த டைரக்டரிக்குள் போய்:

கிட் குளோன் --மிரர் [மூலத்தின் யுஆர்எல்] லினக்ஸ்.கிட்

இங்கே பலர் --மிரர் என்பதற்குப் பதிலாக --பேர் («வெறும்» என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்) போடுவார்கள். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இரண்டிலும் வேலை செய்யும் ஃபைல்கள் இருக்காது, கிட்டின் உள் விஷயங்கள் மட்டும்தான். ஆனால் --பேர் கொடுத்தால் எந்த பிராஞ்சை (வளர்ச்சிக் கிளை) எங்கே கொண்டுவந்து வைப்பது என்ற விதி கான்ஃபிக் ஃபைலில் பதிவாகாது. அதனால் பின்னாளில் ஃபெட்ச் செய்தால், அதாவது மூலத்தின் புது மாற்றங்களை இழுத்தால், பிழைச் செய்தி எதுவும் வராது, பிராஞ்சுகளும் நகராது. --மிரர் கொடுத்தால்தான் «+ரெஃப்ஸ்/*:ரெஃப்ஸ்/*» என்ற விதி எழுதப்படும். மூலத்தில் உள்ள எல்லா ரெஃபும் (பிராஞ்ச், வெளியீட்டுக்கு இடும் டேக் போன்ற பெயர்ச் சுட்டிகள்) அதே பெயரில் இங்கேயும் வர வேண்டும் என்று அதற்குப் பொருள். கான்ஃபிக் ஃபைலைத் திறந்து இந்த வரி இருக்கிறதா என்று ஒரு முறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

இணைப்பு மெதுவாக இருந்தாலோ, நடுவில் கரண்ட் போகும் இடமாக இருந்தாலோ நேரடி குளோன் வேண்டாம். கிட் குளோன் பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது, மறுபடி முதலிலிருந்துதான். இதற்காகவே கெர்னல்.ஆர்க் தன் பெரிய ரெப்போக்களுக்கு குளோன்.பண்டில் என்ற ஃபைலைத் தருகிறது. அது சாதாரண ஃபைல், «டபிள்யூகெட் -சி» கொண்டு விட்ட இடத்திலிருந்து இறக்கலாம். இறக்கி முடித்ததும் யுஆர்எல்லுக்குப் பதில் அந்த ஃபைலின் பெயரையே கொடுத்து, --மிரர் உடன் குளோன் செய்யுங்கள். பிறகு «கிட் ரிமோட் செட்-யுஆர்எல் ஆரிஜின்» (ஆரிஜின் என்பது மூலத்துக்கு கிட் வைக்கும் பெயர்) என்பதோடு உண்மையான முகவரியைக் கொடுத்தால், அடுத்த ஃபெட்சில் பண்டிலுக்குப் பிறகு வந்த கமிட்கள் மட்டும் வரும்.

எல்லாவற்றுக்கும் முன் புஷ்ஷை அடைத்துவிடுங்கள்

இதை எங்கேயும் யாரும் அழுத்திச் சொல்வதில்லை, எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. --மிரர் குளோன், கான்ஃபிக்கில் «ரிமோட்.ஆரிஜின்.மிரர் = ட்ரூ» என்றும் ஒரு வரி எழுதிவைக்கும். இது ஃபெட்சுக்குப் பெரிதாக எதுவும் செய்வதில்லை, ஆனால் புஷ்ஷை, அதாவது நம் பக்கத்திலிருந்து மூலத்துக்கு அனுப்புவதை, பாதிக்கும். அந்த டைரக்டரிக்குள் நின்று யாராவது வெறுமனே «கிட் புஷ்» என்று அடித்தால், கிட் அதை «புஷ் --மிரர்» என்று எடுத்துக்கொள்ளும். அதாவது நம் பிரதி எப்படி இருக்கிறதோ அப்படியே மூலத்தை மாற்றிவிடும். நம்மிடம் இல்லாத பிராஞ்ச் அங்கே அழியும், நம்மிடம் பழையதாக இருப்பது அங்கேயும் பழையதாகும்.

கெர்னல் ரெப்போவில் எழுத நமக்கு அனுமதி கிடையாது, எனவே அங்கே ஒன்றும் நடக்காது. ஆனால் நீங்கள் பங்களிக்கும் ப்ராஜெக்ட்டின் மிரராக இருந்து, அந்த யூசரின் எஸ்எஸ்ஹெச் கீக்கு எழுதும் உரிமையும் இருந்தால், நேற்றைய மிரர் இன்றைய வேலையை அழித்துவிடும். தீர்வு ஒரு வரிதான்:

கிட் ரிமோட் செட்-யுஆர்எல் --புஷ் ஆரிஜின் புஷ்-கூடாது

«புஷ்-கூடாது» என்ற முகவரி எங்கும் கிடையாது. அதனால் யார் புஷ் செய்தாலும் பிழை வந்து நின்றுவிடும். முடிந்தவரை மிரர் யூசரிடம் எழுதும் உரிமை உள்ள கீயே இருக்கக் கூடாது, படிக்கும் உரிமை போதும்.

புதுப்பிக்கும் ஸ்கிரிப்ட்

அடிப்படைக் கட்டளை இது:

கிட் -சி /எஸ்ஆர்வி/மிரர்/லினக்ஸ்.கிட் ஃபெட்ச் ஆரிஜின்

இங்கே -சி பெரிய எழுத்து. சின்ன எழுத்தில் போட்டால் கான்ஃபிக் மதிப்பு என்று எடுத்துக்கொண்டு திட்டும். --ப்ரூன் ஏன் போடவில்லை என்பதைக் கொஞ்சம் கீழே பார்ப்போம்.

இதை அப்படியே கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் வசதி) போட்டுவிட்டுப் போகாதீர்கள். ஒரு சின்ன ஸ்கிரிப்டுக்குள் வைத்து, நான்கு பாதுகாப்புகள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, பாஸ்வேர்ட் கேட்டு நிற்காமல் இருக்க வேண்டும். கிட்ஹப்பில் ஒரு ரெப்போ நீக்கப்பட்டாலோ பிரைவேட் ஆக்கப்பட்டாலோ, ஹெச்டிடிபிஎஸ் வழியாகப் போகும் கிட்டிடம் யூசர் பெயர் கேட்கப்படும். பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை. ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் «கிட்_டெர்மினல்_ப்ராம்ப்ட்=0» என்று எல்லாம் பெரிய எழுத்தில் எக்ஸ்போர்ட் செய்தால், கேள்வி கேட்காமல் உடனே பிழையோடு வெளியேறும். எஸ்எஸ்ஹெச் வழியாக எடுத்தால் «பேட்ச்மோட்=யெஸ்» அதே வேலையைச் செய்யும்.

இரண்டு, தொங்கிப்போன இணைப்பு. எதிர்ப்பக்கம் பதில் சொல்லாமல் இருந்தால் ஃபெட்ச் மணிக்கணக்கில் காத்திருக்கும். «ஹெச்டிடிபி.லோஸ்பீட்லிமிட்» 1000, «ஹெச்டிடிபி.லோஸ்பீட்டைம்» 60 என்று கான்ஃபிக்கில் வையுங்கள். வினாடிக்கு 1000 பைட்டுக்கும் குறைவாக ஒரு நிமிடம் தொடர்ந்தால் அறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் முழுக் கட்டளையையும் «டைம்அவுட்» என்ற லினக்ஸ் கட்டளைக்குள் போட்டு, ஒரு மணி நேரம் போல உச்சவரம்பு வைத்துவிடுங்கள்.

மூன்று, ஒரே நேரத்தில் இரண்டு ஃபெட்ச் ஓடக் கூடாது. முந்தையது முடியும் முன் அடுத்தது தொடங்கினால், ரெஃப் லாக் செய்ய முடியவில்லை என்று இரண்டில் ஒன்று விழும். «ஃப்ளாக் -என்» கொண்டு ஸ்கிரிப்டை ஓட்டினால் போதும். ஏற்கெனவே ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் புதியது ஒதுங்கிவிடும்.

நான்காவதுதான் மற்ற மூன்றையும்விடப் பெரியது: வெற்றி முத்திரை. ஃபெட்ச் பிழையில்லாமல் முடிந்தால் மட்டும், கடைசி வரியில் «டச்» கட்டளையால் ஒரு வெற்று ஃபைலின் நேரத்தைப் புதுப்பியுங்கள். «கடைசி-வெற்றி» என்று பெயர் வைக்கலாம். இதற்குப் பதிலாக ஃபெட்ச்_ஹெட் என்ற ஃபைலின் நேரத்தைப் பார்ப்பவர்கள் உண்டு. அது முயற்சி நடந்த நேரத்தைத்தான் காட்டும், முயற்சி பலித்ததா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. கடைசி கமிட்டின் தேதியையும் நம்பக் கூடாது. பல நல்ல ப்ராஜெக்ட்கள் மாதக்கணக்கில் கமிட் இல்லாமல் அமைதியாக இருக்கும். அந்த அமைதியையும் மிரர் செத்துப்போனதையும் கமிட் தேதியால் பிரித்துச் சொல்ல முடியாது.

எத்தனை முறை ஓட்டுவது

கெர்னலின் ஒரு வெளியீட்டுச் சுற்று 9 அல்லது 10 வாரம். முதல் இரண்டு வாரம் மெர்ஜ் விண்டோ, அப்போது மாற்றங்கள் கொட்டும். அப்புறம் வாரம் ஒரு ஆர்சி (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு), வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை. சாதாரணமாக இந்த ரெப்போவுக்கு 4 மணி நேரத்துக்கு ஒரு முறை தாராளம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஓட்டுவதால் நமக்கு ஒன்றும் கிடைக்காது, இலவசமாகத் தருகிறவர்களின் சர்வருக்குத்தான் பாரம்.

கிரானில் நிமிட இடத்தில் 0 போடாதீர்கள். உலகத்தில் பாதிப் பேர் அதைத்தான் போடுகிறார்கள், எல்லாரும் ஒரே நொடியில் போய்க் கதவைத் தட்டுகிறார்கள். 17 அல்லது 43 போல ஏதாவது ஒன்று எடுங்கள். சிஸ்டம்டி டைமர் பயன்படுத்தினால் இன்னும் நல்லது. «ரேண்டமைஸ்டுடிலேசெக்» கொடுத்தால் ஒவ்வொரு முறையும் நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடும், «பெர்சிஸ்டென்ட்=ட்ரூ» கொடுத்தால் மெஷின் அணைந்திருந்தபோது தவறிய ஓட்டத்தை, மறுபடி ஆன் ஆனதும் ஓட்டிவிடும்.

ஒன்றிரண்டு ரெப்போவுக்கு இது போதும். கெர்னல்.ஆர்க்கில் இருக்கும் நூற்றுக்கணக்கான ரெப்போக்களை மொத்தமாக வைத்திருக்க வேண்டுமென்றால் க்ரோக்மிரர் என்ற கருவிக்குப் போங்கள். கெர்னல்.ஆர்க்கின் கான்ஸ்டன்டின் ரியாபிட்செவ் எழுதியது. எந்த ரெப்போ எப்போது மாறியது என்ற பட்டியலை மூல சர்வர் ஒரே ஃபைலில் வெளியிடும், க்ரோக்மிரர் அதை மட்டும் படித்துவிட்டு மாறியவற்றை மட்டும் இழுக்கும். மாறாத ரெப்போக்களை ஒவ்வொன்றாகப் போய் விசாரிக்கும் வேலை இல்லை.

ப்ரூன்: மூலத்தில் அழிந்தது இங்கேயும் அழிய வேண்டுமா?

2013 மார்ச்சில், டெஸ்க்டாப் மென்பொருள்களை உருவாக்கும் கேடிஇ ப்ராஜெக்டுக்கு நடந்தது மிரர் வைப்பவர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது. அவர்களுடைய மைய கிட் சர்வரில் ஃபைல் சிஸ்டம் கெட்டுப்போனது. 1,500-க்கும் மேற்பட்ட ரெப்போக்கள் அதில் இருந்தன. உலகெங்கும் அவர்களுக்கு மிரர் சர்வர்கள் உண்டு, ஆகவே கவலையில்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் மிரர்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தன. மைய சர்வர் காட்டிய கெட்டுப்போன நிலையை உண்மை என்று எடுத்துக்கொண்டு, தங்களிடம் இருந்ததையும் அதற்கேற்ப மாற்றிக்கொண்டன. நல்ல பிரதி ஒரு சர்வரில் தப்பியிருந்ததால்தான் எல்லாவற்றையும் மீட்க முடிந்தது.

இப்போது --ப்ரூன் பற்றி. மூலத்தில் இல்லாத ரெஃப்களை நம் பக்கத்திலும் அழிக்கச் சொல்வதுதான் அது. மூலம் ஏதோ கோளாறில் காலி ரெப்போவாகத் தன்னைக் காட்டினால், ப்ரூனோடு போகும் ஃபெட்ச் நம் ரெஃப்களை எல்லாம் துடைத்துவிடும், பிழையும் காட்டாது. அதற்காக ப்ரூனே வேண்டாம் என்றும் இருக்க முடியாது. மூலத்தில் «சோதனை» என்ற பிராஞ்சை நீக்கிவிட்டு «சோதனை/புதிது» என்று ஒன்றை உருவாக்கினால், நம்மிடம் இன்னும் இருக்கும் பழைய «சோதனை» வழியை மறித்துக்கொள்ளும். ஒரே பெயர் ஃபைலாகவும் டைரக்டரியாகவும் இருக்க முடியாது என்பதால் அந்த ரெஃபை உருவாக்க முடியவில்லை என்று ஃபெட்ச் ஒவ்வொரு முறையும் பிழை தரும், பழையதை நீக்கும் வரை.

அதனால் நான் சொல்வது: ப்ரூன் செய்யுங்கள், ஆனால் எண்ணிப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். ஃபெட்சுக்கு முன் ஸ்கிரிப்டில் இரண்டு கேள்விகள் வையுங்கள். முதலில் «கிட் எல்எஸ்-ரிமோட் --ரெஃப்ஸ் ஆரிஜின்» எத்தனை வரி தருகிறது? பூஜ்யம் என்றால் அங்கேயே நின்று மெயில் அனுப்ப வேண்டும். அடுத்து «கிட் ரிமோட் ப்ரூன் --ட்ரை-ரன் ஆரிஜின்» ஓட்டினால், எதையும் அழிக்காமல் எதையெல்லாம் அழிக்கப்போகிறது என்று மட்டும் பட்டியலிடும். அந்தப் பட்டியலில் ஐந்துக்கு மேல் இருந்தால் தானாக அழிக்காமல், பட்டியலை உங்களுக்கு அனுப்பட்டும். ஐந்துக்குள் என்றால் ப்ரூன் செய்துவிட்டுத் தொடரலாம். எண்ணை உங்கள் ரெப்போவின் பழக்கத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். டோர்வால்ட்ஸின் ரெப்போவில் டேக் அழிவது என்பதே அபூர்வம், அங்கே ஒன்று அழிந்தாலே கேட்க வேண்டும்.

ப்ரூன் இருக்கும் வரை மிரருக்குள் உங்கள் சொந்த பிராஞ்ச் எதையும் வைக்காதீர்கள். மூலத்தில் இல்லாத எதுவும் அதன் பார்வையில் குப்பைதான்.

இதே கேள்வி ஃபோர்ஸ்-புஷ்ஷுக்கும் (இருக்கும் வரலாற்றின் மேல் வலுக்கட்டாயமாக எழுதுவது) உண்டு. மேலே பார்த்த விதியின் முதலில் இருக்கும் «+» குறிதான், மூலத்தில் வரலாறு மாற்றி எழுதப்பட்டாலும் ஏற்றுக்கொள் என்று சொல்கிறது. அந்த ஒரு குறியை நீக்கினால், வரலாறு பின்னோக்கிப் போகும்போது கிட் மறுத்துவிட்டுப் பிழை தரும். டோர்வால்ட்ஸின் மாஸ்டர் பிராஞ்ச் மாற்றி எழுதப்படுவதில்லை, எனவே அங்கே «+» இல்லாமல் வைக்கலாம். மறுப்பு வந்தால் அது உண்மையிலேயே செய்தி. அடுத்த வெளியீட்டுக்கான மாற்றங்களைச் சேர்த்துப் பார்க்கும் லினக்ஸ்-நெக்ஸ்ட் ரெப்போவில் இப்படி வைக்க முடியாது. அதன் மாஸ்டரை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுகிறார்கள், «+» இல்லாவிட்டால் தினமும் பிழைதான்.

கிடங்கு

மேலே சொன்ன காவல் எல்லாம் இருந்தும் ஏதாவது தவறிப்போகலாம். எனவே மிரருக்குப் பின்னால், வேறு வட்டில், முடிந்தால் வேறு மெஷினில், இன்னொரு பேர் ரெப்போவை வையுங்கள். அதைக் கிடங்கு என்று வைத்துக்கொள்வோம். வாரம் ஒரு முறை மிரரிலிருந்து கிடங்குக்குப் புஷ் செய்ய வேண்டும், ஆனால் தேதி போட்ட பெயரில்:

கிட் புஷ் [கிடங்கின் பாதை] «ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/*:ரெஃப்ஸ்/ஆர்க்கைவ்/2025-06-01/ஹெட்ஸ்/*»

டேக்குகளுக்கும் இதேபோல் ஒரு வரி. ஆரிஜின் என்ற பெயரைக் கொடுக்காமல் கிடங்கின் பாதையை நேராகக் கொடுப்பதால், முன்பு நாம் அடைத்துவைத்தது இதைத் தடுக்காது. ஒவ்வொரு வாரமும் புதிய தேதியில் போவதால், எந்த பிராஞ்சும் முந்தைய வாரத்தின் மேல் எழுதப்படாது. மூலத்தில் அழிக்கப்பட்டதும் மாற்றி எழுதப்பட்டதும் கிடங்கில் அப்படியே இருக்கும். இடமும் பெரிதாக ஏறாது, ஏனென்றால் ஒரே கமிட் நூறு தேதிகளில் இருந்தாலும் கிட் அதை ஒரு முறைதான் சேமிக்கும்.

ரெஃப்லாக் (ஒவ்வொரு ரெஃபும் முன்பு எங்கே இருந்தது என்ற பதிவு) இருக்கிறதே, கிடங்கு எதற்கு என்று கேட்கலாம். பேர் ரெப்போக்களில் ரெஃப்லாக் இயல்பாக அணைந்திருக்கும். ஆன் செய்தாலும், ஒரு பிராஞ்ச் அழிந்தால் அதன் ரெஃப்லாக்கும் சேர்ந்தே அழியும். நமக்கு மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது இருக்காது.

கிடங்கைத் தொடங்கும்போது, ஒரே மெஷினில் சாதாரணப் பாதை கொடுத்து மிரரிலிருந்து குளோன் செய்யாதீர்கள். ஒரே வட்டு என்றால் கிட் ஃபைல்களை ஹார்ட்லிங்க் மட்டும் செய்யும். பார்வைக்கு இரண்டு ரெப்போ, வட்டில் ஒரே ஃபைல், கெட்டால் இரண்டும் கெடும். «கிட் இனிட் --பேர்» என்று காலியாகத் தொடங்கிப் புஷ் செய்வதே சரி.

சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது

மூன்று கேள்விகள் உண்டு: ஓடுகிறதா, ஒத்துப்போகிறதா, உள்ளே பழுதில்லாமல் இருக்கிறதா.

ஓடுகிறதா என்பதற்குத்தான் வெற்றி முத்திரை. அந்த ஃபைல் 24 மணி நேரத்துக்கு மேல் பழசாகிவிட்டால் எச்சரிக்கை வர வேண்டும். அந்தச் சோதனையை மிரர் ஓடும் மெஷினிலேயே வைக்காதீர்கள். மெஷினே விழுந்துவிட்டால் எச்சரிக்கவும் ஆள் இருக்காது. வேறொரு மெஷின் வந்து பார்க்கட்டும்.

ஒத்துப்போகிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று. மிரர் டைரக்டரியில் நின்று «கிட் எல்எஸ்-ரிமோட் --ரெஃப்ஸ் ஆரிஜின்» ஓட்டி ஒரு ஃபைலில் எழுதுங்கள். பிறகு «கிட் எல்எஸ்-ரிமோட் --ரெஃப்ஸ் .» என்று, ஆரிஜினுக்குப் பதில் வெறும் புள்ளி வைத்து இன்னொரு ஃபைலில் எழுதுங்கள். புள்ளி என்றால் இந்த ரெப்போவே. இரண்டும் ஒரே வடிவத்தில் வருவதால் அப்படியே «டிஃப்» செய்யலாம். வேறுபாடு இருந்தால் உடனே பதற வேண்டாம், ஃபெட்சுக்கும் ஒப்பீட்டுக்கும் நடுவில் மூலத்தில் புதிதாக ஏதாவது வந்திருக்கலாம். அடுத்த ஃபெட்சுக்குப் பிறகும் அதே ரெஃபில் வேறுபாடு நின்றால் அது பழுது.

உள்ளே எப்படி என்று பார்க்க மாதம் ஒரு முறை «கிட் எஃப்எஸ்சிகே». கெர்னல் அளவு ரெப்போவில் இது நேரமும் மெமரியும் தின்னும், இரவில் ஓட்டுங்கள். டேங்க்லிங் என்று வரும் வரிகள் பழுது இல்லை, எந்த பிராஞ்சும் சுட்டாத பழைய ஆப்ஜெக்ட்கள்தான். மிஸ்ஸிங், கரப்ட் என்ற சொற்கள் வந்தால்தான் கவலைப்பட வேண்டும். கூடவே «டிரான்ஸ்ஃபர்.எஃப்எஸ்சிகேஆப்ஜெக்ட்ஸ்» என்பதை ட்ரூ ஆக்குங்கள், இயல்பில் அது அணைந்திருக்கும். ஆன் செய்தால் வரும் ஒவ்வொரு ஆப்ஜெக்டையும் வாசலிலேயே சோதித்து உள்ளே விடும். சில பழைய ப்ராஜெக்ட்களில் ஆரம்பகாலக் கருவிகள் எழுதிவைத்த வடிவப் பிழைகள் இருக்கும். அவற்றில் ஃபெட்ச் மறுக்கப்பட்டால், «ஃபெட்ச்.எஃப்எஸ்சிகே» பிரிவில் அந்தக் குறிப்பிட்ட பிழையை மட்டும் எச்சரிக்கையாகத் தளர்த்துங்கள். சோதனையையே அணைத்துவிடாதீர்கள்.

கெர்னலுக்கு இன்னொரு வசதி உண்டு. வெளியீட்டு டேக்குகள் எல்லாம் கையெழுத்திடப்பட்டவை. டோர்வால்ட்ஸின் பொதுச் சாவியை ஒரு முறை நம்பகமாக எடுத்து வைத்துக்கொண்டால், «கிட் வெரிஃபை-டேக்» கொண்டு அவர் கையெழுத்திட்ட எந்த வெளியீட்டையும் சரிபார்க்கலாம். பிரதி எந்த வழியாக வந்திருந்தாலும் பரவாயில்லை.

திடீரென்று வரும் சில சிக்கல்கள்

மூலத்தில் முதன்மை பிராஞ்சின் பெயர் மாஸ்டரிலிருந்து மெயினுக்கு மாறுவது. 2020-க்குப் பிறகு பல ப்ராஜெக்ட்கள் மாற்றின. பழைய கிட் பதிப்புகளில் ஃபெட்ச் பிராஞ்சுகளைக் கொண்டுவருமே தவிர, மிரரின் ஹெட் (முதன்மை பிராஞ்ச் எது என்று காட்டும் குறி) எதைச் சுட்ட வேண்டும் என்பதை மாற்றாது. மாஸ்டர் ப்ரூனில் போய்விடும், ஹெட் இன்னும் அதையே சுட்டிக்கொண்டிருக்கும். நம் மிரரிலிருந்து குளோன் செய்பவருக்கு ஃபைல் ஒன்றுமில்லாத காலி டைரக்டரி கிடைக்கும். «கிட் எல்எஸ்-ரிமோட் --சிம்ரெஃப் ஆரிஜின் ஹெட்» மூலத்தின் ஹெட் எங்கே என்று காட்டும். மாறியிருந்தால் «கிட் சிம்பாலிக்-ரெஃப் ஹெட் ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/மெயின்» என்று திருத்துங்கள். இந்தக் கட்டளைகளில் தனியாக வரும் ஹெட் பெரிய எழுத்து.

உரிமையாளர் சந்தேகம் என்ற பிழை. 2022 ஏப்ரலில் வந்த ஒரு பாதுகாப்புத் திருத்தத்திலிருந்து, வேறொரு யூசருக்குச் சொந்தமான ரெப்போவில் வேலை செய்ய கிட் மறுக்கும். மிரர் யூசரின் டைரக்டரியை நீங்கள் உங்கள் யூசராகத் திறந்தால் இது வரும். «சேஃப்.டைரக்டரி» கான்ஃபிக்கில் அந்தப் பாதையைச் சேர்க்க வேண்டும். அங்கே நட்சத்திரம் போட்டு எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டாம், பாதையை மட்டும் எழுதுங்கள்.

கிட்ஹப்பில் உள்ள ப்ராஜெக்டை மிரர் செய்தால் ரெஃப்ஸ்/புல் என்பதன் கீழ் எல்லா புல் ரிக்வெஸ்டும் வந்து குவியும். பெரிய ப்ராஜெக்ட்களில் ஆயிரக்கணக்கில் இருக்கும். தேவையில்லை என்றால் கான்ஃபிக்கில் ஒரே விதிக்குப் பதிலாக ஹெட்ஸுக்கு ஒன்று, டேக்ஸுக்கு ஒன்று என இரண்டு விதிகளாக மாற்றுங்கள். அப்படி மாற்றினால் மேலே சொன்ன ஒப்பீட்டிலும் புல் வரிகளைக் கழித்துவிட வேண்டும்.

மிரரைப் பயன்படுத்துவது

குழுவில் எல்லாரும் யுஆர்எல்லை மாற்ற வேண்டியதில்லை. ஒவ்வொருவர் கான்ஃபிக்கிலும் «இன்ஸ்டெட்ஆஃப்» விதி ஒன்றைச் சேர்த்தால், கெர்னல்.ஆர்க் முகவரியை அடிக்கும்போது கிட் தானாக உள்ளூர் மிரருக்குப் போகும். புஷ் செய்யும்போது மட்டும் மூலத்துக்கே போக «புஷ்இன்ஸ்டெட்ஆஃப்» உண்டு. இந்த விதியை மிரர் ஓடும் மெஷினில், முழு சிஸ்டத்துக்குமான கான்ஃபிக்கில் வைத்துவிடாதீர்கள். வைத்தால் மிரர் தன்னிடமிருந்தே ஃபெட்ச் செய்துகொண்டிருக்கும். எல்லாம் வெற்றி, முத்திரை தினமும் புதுசு, ஒரு கமிட்டும் வராது. புள்ளியோடு செய்யும் ஒப்பீடும் இதைப் பிடிக்காது, ஏனென்றால் ஆரிஜினும் புள்ளியும் அப்போது ஒன்றுதான். வேறு மெஷினிலிருந்து மூலத்தை நேராகக் கேட்டால்தான் தெரியும். வெற்றி முத்திரையைப் பார்க்கும் அந்த இரண்டாவது மெஷின், மூலத்தின் மாஸ்டர் ஹேஷையும் நம் மிரரின் மாஸ்டர் ஹேஷையும் ஒப்பிடும்படி செய்துவிடுங்கள்.

மிரரின் ஆப்ஜெக்ட்களைப் பகிர்ந்துகொள்ள «குளோன் --ரெஃபரன்ஸ்» கொடுப்பவர்கள் கூடவே --டிஸோஸியேட் கொடுக்க வேண்டும். அது இல்லாவிட்டால் அந்தக் குளோன் காலம் முழுக்க மிரரின் ஃபைல்களை நம்பியே இருக்கும். மிரரில் கிட் ஜிசி (குப்பை நீக்கும் கட்டளை) ஓடி, யாரும் சுட்டாத ஆப்ஜெக்ட்கள் இரண்டு வாரக் கெடு முடிந்து நீங்கினால், குளோன் உடைந்துவிடும்.

சப்மாட்யூல்கள் (ஒரு ரெப்போவுக்குள் இணைத்த வேறு ரெப்போக்கள்) மிரரோடு வராது. கெர்னலில் அவை இல்லை. இருக்கும் ப்ராஜெக்டாக இருந்தால் .கிட்மாட்யூல்ஸ் ஃபைலைத் திறந்து, அதிலுள்ள ஒவ்வொன்றுக்கும் தனி மிரர் போட வேண்டும். எல்எஃப்எஸ் (பெரிய ஃபைல்களைத் தனியே வைக்கும் வசதி) பயன்படுத்தும் ரெப்போ என்றால் ஒவ்வொரு ஃபெட்சுக்கும் பிறகு «கிட் எல்எஃப்எஸ் ஃபெட்ச் --ஆல்» ஓட்டுங்கள், இல்லாவிட்டால் பெரிய ஃபைல்களுக்குப் பதில் சில வரிக் குறிப்புகள் மட்டுமே உங்களிடம் இருக்கும். இஷ்யூ, விக்கி, ரிலீஸ் பக்கத்தில் ஏற்றிய ஜிப் ஃபைல்கள் எல்லாம் வேறு கதை. விக்கி பெரும்பாலும் தனி கிட் ரெப்போவாகவே இருக்கும், அதற்கும் இதே ஸ்கிரிப்ட் போதும். மற்றவற்றை அந்தந்தத் தளத்தின் ஏபிஐ வழியாகத்தான் எடுக்க முடியும்.

எல்லாம் அமைத்து முடித்ததும் ஒரு நாள் வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள். சோதனைக்கென்று ஒரு சின்ன ரெப்போவை மூலமாக வைத்து, அதன் பிராஞ்சுகளை எல்லாம் அழித்துவிட்டு ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். மெயில் வந்ததா, மிரரில் பிராஞ்சுகள் அப்படியே இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு மிரர் டைமரை நிறுத்திவிட்டு, எச்சரிக்கை எத்தனை மணி நேரத்தில் வருகிறது என்று பாருங்கள். கிடங்கிலிருந்து ஒரு பழைய தேதியின் மாஸ்டரை எடுத்து வேறு மெஷினில் செக்அவுட் செய்து, பில்ட் வரை ஓட்டிப் பாருங்கள்.